பாய்மரமும் பாடமாகட்டும்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கடலுக்கு அருகில் வாழ்ந்தும் கடலைப் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ளும் மாணவ சமுதாயம் நாம். நம் கல்லூரியில் சிறு பாய்மரப் படகு ஓட்டும் பயிற்சி வேண்டும் என்று சொன்னால், "அது பணக்காரர் விளையாட்டு அல்லவா?" என்பார் சிலர். "படிக்கிற பிள்ளைகளுக்கு ஏன் இந்த ஆபத்தான வேலை?" என்பார் வேறு சிலர். இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாய்மரம் பணக்காரரின் சொத்து அன்று. நம் பாக் விரிகுடாக் கரையில் வத்தையும் வல்லமும் பாய் விரித்து ஓடிய காலம் வெகு தொலைவில் இல்லை. தொண்டிப் பகுதியில் திருவிழாக்களின் போது பாய்மரப் படகுப் போட்டி நடப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றைப் பிரித்தறிந்தவர்கள் பள்ளிக்கூடம் சென்றவர்கள் அல்லர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாத்தா பாய் கட்டி ஓடியவர். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். நானோ புத்தகத்தோடு பஸ் ஏறுகிறவன். ஏட்டறிவு ஒவ்வொரு படியாக ஏற ஏற, காற்றறிவு ஒவ்வொரு படியாக இறங்கி வந்திருக்கிறது. என் தலைமுறையோடு அது அற்றுப் போகுமானால், பட்டத்தால் வந்த லாபத்தில் இந்த நஷ்டத்தைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில் தாத்தாவிடம் கற்கத் தொடங்கினேன். முதல் வாரம் முழுவதும் கரையில் கயிறு முடிய வைத்தார். அடுத்து துடுப்பு. அதற்கும் பிறகே பாய். அதுவும் இளங்காற்றில், கரையை விட்டு அதிகம் விலகாமல். "அவசரப்படாதடா, கடல் எங்கயும் போயிறாது" என்பார். பாடத்திட்டம் என்று இதைவிடச் சிறப்பாக ஒன்றை யார் வகுக்க முடியும்?

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் ஓடாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, வலமும் இடமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். பாயின் மேல் விழும் விசையின் பக்கவாட்டுக் கூற்றை நீருக்குள் இறங்கிய பலகை தடுக்கிறது; எஞ்சிய கூறு படகை முன்னே தள்ளுகிறது. படகு சாயும் போது ஆள் எதிர்ப்புறம் சாய்ந்து திருப்புத்திறனைச் சமன் செய்கிறான். வகுப்பில் மனப்பாடமாக இருந்த இந்தப் பாடம், பாய்க்கயிறு உள்ளங்கையை இழுத்த போதுதான் எனக்கு அறிவாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பொய்யல்ல!

படகு சிறியதாக இருப்பதும் நன்மையே. கயிற்றை மிகுதியாக இறுக்கினால் உடனே சாயும். தளர்த்தினால் பாய் படபடக்கும். சிறு படகைப் போல் அவ்வப்போதே மதிப்பெண் போடும் ஆசிரியர் இல்லை. ஆகவேதான் உலகின் பல நாடுகளில் சிறுவர்கள் சுமார் 2.3 மீட்டர் நீளமே உள்ள 'ஆப்டிமிஸ்ட்' படகில் தொடங்குகின்றனர். சென்னையில் ஒரு கோடை முகாமில் இக்கலையைத் தொடங்கிய நேத்ரா குமணன், 2021-இல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார்.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் நம் கடற்படை அதிகாரிகள். 'தாரிணி' என்னும் 17 மீட்டர் பாய்மரக் கலத்தில் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29-ஆம் நாள் திரும்பினர். அது ஒரே பாய்ச்சலில் வந்த வெற்றி அன்று. முதலில் குழுவோடு ரியோ வரை சென்றார்கள். பிறகு இருவர் மட்டும் அந்தமானுக்கும் மொரீஷியஸுக்கும் சென்று பழகினார்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்ற பழமொழி கடலுக்கும் பொருந்தும்.

ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முறையான பயிற்சியின் தொடக்கப் பாடங்களில் ஒன்றே கவிழ்ந்த படகை நிமிர்த்துவதுதான். நீச்சல் தெரிந்தவருக்கே அனுமதி, உயிர்காக்கும் சட்டை, துணைக்கு ஒரு இயந்திரப் படகு ஆகியவை கட்டாயமாக்கப்பட வேண்டும். காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் கடலில் வெண்ணுரை பரவலாகத் தலைகாட்டும். அன்று புதியவர் கரையில் நிற்க வேண்டும். எந்த நாளில் போகக் கூடாது என்று அறிவதும் கடற்கல்வியின் ஒரு பகுதியே.

நாம் கேட்பது அதிகமில்லை. இரண்டு சிறு படகுகள் போதும். தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவு பாய்மரப் பயிற்சி அளிக்கிறது; அதன் உதவியை நாடலாம். நம் கடற்கரை ஊர்களில் பாய் ஓட்டிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை மதிப்பூதியம் தந்து ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். மாணவரும் மாணவியரும் எத்தனை மணி நேரம், எந்தக் காற்றில் ஓட்டினர் என்று குறிப்பேட்டில் எழுதி, படிப்படியாக அடுத்த நிலைக்குச் செல்லட்டும்.

கல்லூரி நிர்வாகமும் பேராசிரியப் பெருமக்களும் வரும் கல்வியாண்டிலேயே இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். புத்தகங்கள் நூலகத்தில் நூறாண்டு காத்திருக்கும். அந்தப் பெரியவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள்.