கார்புரேட்டரை மாற்றுமுன் காதைக் கொடுங்கள்



வழக்கமாக இலக்கணமும் மாணவர் கட்டுரைகளும் இடம்பெறும் இப்பக்கத்தில் இன்று ஒரு பழைய மகிழுந்தைப் பற்றி எழுதுகிறேன். தமிழாசிரியனுக்கு இயந்திரத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். பள்ளி விடுமுறையில் ஈப்போவிலுள்ள என் அக்காள் வீட்டில் நடந்த ஒரு வழக்கில் நான் நடுவராக அமர நேர்ந்தது. அந்த வழக்கில் எனக்கு ஏற்பட்ட கருத்தைப் பதிந்து வைக்க விரும்புகிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு அது பயன்படக்கூடும்.

அத்தானிடம் 1967ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்று உண்டு. இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் ஏபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட வகை. நாடு திரும்பிய ஆங்கிலேயத் தோட்ட மேலாளர் ஒருவரிடமிருந்து அத்தான் 1974இல் அதை வாங்கினார். நான் அப்போது சிறுவன். பின்னாளில் ஞாயிறுதோறும் அவர் அதன் உறுப்புகளைக் கழற்றிக் கழுவும்போது மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

கடந்த ஆண்டு அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் குழறியது. சாவி மகனிடம் சென்றது. கோலாலம்பூரில் பணியாற்றும் மருமகன், விடுமுறைக்கு வரும்போது மட்டும் வண்டியை எடுப்பான். நின்றபடி ஓடும்போது வண்டி குலுங்கியது. மிதியை அழுத்தினால் விக்கியது. பெட்ரோல் வாடை வீசியது. பட்டறை ஒன்றில் காட்டினான். பத்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்தது: “கார்புரேட்டர் போய்விட்டது. பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு வெபர் போடு.” மருமகனுக்கும் அதுவே விருப்பம். “மாமா, நீங்களாவது அப்பாவிடம் சொல்லுங்கள்” என்றான். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் வாடியிருந்தது.

கார்புரேட்டரைத் தமிழில் எரிகலப்பி எனலாம். ஆயினும் பட்டறையில் அனைவரும் அறிந்த சொல்லையே இங்கே பயன்படுத்துகிறேன். பெட்ரோலைக் காற்றோடு உரிய அளவில் கலந்து இயந்திரத்துக்கு அனுப்புவது அதன் பணி. எம்ஜிபியின் 1798 சிசி இயந்திரத்தில் எஸ்யூ நிறுவனத்தின் எச்எஸ்4 வகை கார்புரேட்டர்கள் இரண்டு இருந்தன. எஸ்யூ என்பது ஸ்கின்னர் உடன்பிறந்தோர் தொடங்கிய நிறுவனம். ஒருகாலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் எங்கும் காணப்பட்ட மோரிஸ் மைனரிலும் எஸ்யூதான் இருந்தது. ஆகவே நம் மூத்த தலைமுறைப் பட்டறைக்காரர்களுக்கு அது பழகிய பொருள்.

எஸ்யூவின் அமைப்பு எளிமையானது. இயந்திரம் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கேற்ப உள்ளே ஒரு பிஸ்டன் மேலெழும். அதன் அடியில், நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் ஊசி ஒன்று உண்டு. அந்த ஊசி ஜெட் என்னும் சிறு துளைக்குள் இறங்கி நிற்கும். பிஸ்டன் உயர்ந்தால் ஊசியும் உயரும், இடைவெளி கூடும், பெட்ரோலும் கூடும். மெதுவாகச் சென்றாலும் விரைந்து சென்றாலும் ஒரே ஜெட்தான். பிஸ்டன் திடீரென்று துள்ளாதபடி மேலே ஒரு குழாயில் சிறிது எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெய் வற்றினால், மிதியை அழுத்தும்போது வண்டி விக்கும். அவ்வளவுதான்!

மருமகன் விரும்பிய வெபர் 45 டிசிஓஇ வேறு வகையானது. இத்தாலியின் பொலோன்யா நகரில் எடுவார்டோ வெபர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் பெற்ற படைப்பு. ஒரே உடலில் இரண்டு தொண்டைகள். இதில் பிஸ்டன் இல்லை. தொண்டையின் குறுக்களவு, முதன்மை ஜெட், காற்று ஜெட், நுரைக்குழாய், மெதுவோட்ட ஜெட் ஆகிய ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட இயந்திரத்துக்கு ஏற்பத் தேர்ந்து பொருத்த வேண்டும். எம்ஜி நிறுவனத்தின் பந்தய வண்டிகளிலேயே வெபர் பொருத்தப்பட்டதுண்டு. ஆகவே வெபரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கேம் தண்டையும் சிலிண்டர் தலையையும் மாற்றி, உயர்ந்த சுழற்சியில் ஓட்டுவோருக்கு அது தக்க துணை. ஆனால் அத்தானின் வண்டி 95 குதிரைத்திறனோடு ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பது. வார இறுதியில் கோலகங்சார் வரை பழைய சாலையில் போய்த் திரும்புவது. அதற்குப் பந்தயக் குதிரையின் சேணம் எதற்கு?

இன்னொன்றும் உண்டு. இந்த இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து உள்வாங்கும் வாய்கள் இரண்டே. ஒவ்வொரு வாயையும் இரண்டு சிலிண்டர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. வாய்க்கு ஒன்றாக இரண்டு எஸ்யூ வைத்தார்கள். அந்த இணைப்புக்கு அது பொருந்திய ஏற்பாடு. வெபரைப் பொருத்தத் தனி இணைகுழாய் வேண்டும். காற்று வடிகட்டிக்கு இடம் நெருக்கடியாகும். மிதியின் இணைப்பையும் மாற்ற வேண்டிவரும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் எஸ்யூ தந்ததைவிடக் குறைவாகவே அது தரக்கூடும்.

நாங்கள் முதலில் செய்தது முன்மூடியைத் திறந்து பார்த்ததுதான். நெஞ்சு திக்கென்றது. அந்தப் பட்டறையில் பெட்ரோல் குழாயைக் கழற்றி மாட்டியவர்கள் பிடிவளையத்தை இறுக்காமல் விட்டிருந்தார்கள். துளித்துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வகை இயந்திரத்தில் கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே கொதிக்கும் புகைக்குழாய் இருக்கிறது! வாடை எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கியது. அந்த வண்டியில்தான் மருமகன் தன் சிறு பெண்ணை ஏற்றிச் சென்றிருக்கிறான். பேசாமல் வளையத்தை இறுக்கினான்.

பின்னர் அத்தானின் பழைய நண்பரான சீனப் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து வந்தோம். எழுபதைக் கடந்தவர், பட்டறையை மூடிவிட்டவர். வந்தவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட் இடைவெளியை அளந்தார். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது ஏறக்குறைய மூடியே கிடந்தது. வால்வு இடைவெளியையும் பார்த்தார். மின்பொறி சரியில்லாத இயந்திரத்தில் கார்புரேட்டரைத் திருகுவது, கண்ணாடி போட வேண்டிய மாணவனை மந்தம் என்று முடிவு கட்டுவது போன்றது. இக்குற்றத்தை ஆசிரியர்களாகிய நாமும் செய்திருக்கிறோம்.

பாயின்ட்டைச் சரிசெய்ததும் குலுக்கம் பாதி குறைந்தது. அதன் பிறகே கார்புரேட்டருக்கு வந்தார். இரண்டிலும் எண்ணெய் இல்லை. நிரப்பினார், விக்கல் நின்றது. இறுதியாக, ஓடும் இயந்திரத்தில் த்ராட்டில் தண்டின் இருமுனைகளிலும் தூய்மைத் திரவத்தைச் சிறிதளவு பீய்ச்சினார். ஓட்டத்தின் ஒலி மாறியது. தண்டும் அதைத் தாங்கும் உடலும் தேய்ந்து, அவ்வழியே கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று பொருள். ஆக, கார்புரேட்டரிலும் பழுது உண்டு. ஆனால் அது மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரண்டையும் விட்டுவிட்டு வெபர் போட்டிருந்தால், பணம் போன பிறகும் குலுக்கம் மிஞ்சியிருக்கும்.

தேய்ந்த உடலைத் துளையிட்டுப் புதிய தாங்கிகள் இடலாம். இரு துளைகளும் நேர்க்கோட்டில் அமைய வேண்டுமென்பதால் அதற்குத் துல்லியமான கடைசல் வேலை தேவை. அருகில் அத்தகைய கை கிடைக்காததால் புதிய எச்எஸ்4 இணையையே வாங்க முடிவு செய்தோம். எஸ்யூ கார்புரேட்டர்களை இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரிலுள்ள பர்லன் நிறுவனம் இன்றும் செய்து வருகிறது. ஆனால் எச்எஸ்4 என்று மட்டும் சொல்லி வாங்கிவிடக் கூடாது. பெயரிலுள்ள 4, ஓரங்குலத்துக்கு மேல் எட்டில் நான்கு பங்கு, அதாவது ஒன்றரை அங்குல வாய் என்பதைத்தான் சொல்கிறது. அதே உடல் வேறு பல வண்டிகளிலும் உண்டு. உள்ளேயிருக்கும் ஊசியும் சுருள்வில்லும் வேறு. ஊசியின் தண்டில் அதன் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். வில்லின் வலிமையை அதில் பூசிய நிறம் காட்டும். மிதவை அறை மூடியில் ஏயூடி எண் பொறித்த சிறு தகடு இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, வண்டியின் ஆண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

பொருத்தும் பணியை மருமகன் செய்தான்; முதியவர் அருகில் முக்காலி போட்டு அமர்ந்து சொல்லிக்கொடுத்தார். அவர் வலியுறுத்தியவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

1. மின்கலத்தின் இணைப்பை முதலில் கழற்றுக. அருகில் தீயணைப்பான் இருக்கட்டும்.

2. வெப்பத்தடைத் தகட்டின் இருபுறமும் புதிய கேஸ்கெட் இடுக. பழையதை மீண்டும் பயன்படுத்த வேண்டா.

3. வழிந்தோடும் குழாய்களை மறவாமல் பொருத்துக. மிதவை அடைத்துக்கொண்டால் மிகையான பெட்ரோலைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கீழே கொண்டுபோவது அவைதாம்.

4. இரு ஜெட்டுகளையும் மேல்மட்டத்திலிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்குக. அது தொடக்கநிலை.

5. இரண்டையும் இணைக்கும் தண்டின் பிடிகளைத் தளர்த்திவிட்டு, இயந்திரம் சூடான பின் காற்றோட்டத்தைச் சமப்படுத்துக. பிறகே கலவையைச் சரிசெய்க.

கலவை சரியா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பார்க்க வேண்டும். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் மிகை. வேகம் குறைந்தால் பெட்ரோல் குறை. கணப்பொழுது கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி.

காற்றோட்டத்தை அளக்க முதியவர் கருவி எதையும் கொண்டு வரவில்லை. ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாக வரும்வரை மருமகனைத் திருகச் சொன்னார். அவனுக்கு நெடுநேரம் வேறுபாடு புரியவில்லை. “இரண்டும் ஒன்றுதான், அங்கிள்” என்றான்.

அப்போது சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த அத்தான் இடக்கையை உயர்த்தி, இயந்திரத்தின் முன்பக்கத்தைச் சுட்டினார். முதியவர் குழாயை வைத்துக் கேட்டார். முன்னிருந்த கார்புரேட்டர்தான் கூடுதலாக இழுத்துக்கொண்டிருந்தது! கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகியதும் ஓட்டம் சீரானது. மருமகன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். பிறகு குழாயை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினான்.

என் கருத்து இதுதான். பழைய வண்டியில் எதையும் மாற்றலாம். மாற்றமே கூடாது என்பவன் அல்லன் நான். ஆனால் பழுது எது என்று தெரிந்த பிறகு மாற்றுங்கள். மாற்றும்போது பெயரைப் பார்த்து வாங்காமல், அந்த இயந்திரத்துக்கும் நீங்கள் ஓட்டும் விதத்துக்கும் பொருந்துவதை வாங்குங்கள். முதல் புரோட்டோன் சாகா 1985இல் கார்புரேட்டரோடுதான் வந்தது. அதன் பிறகு மின்னணு எரிபொருள் தெளிப்பு வந்து, கணினியைச் செருகிப் பழுதைப் படிக்கும் காலம் ஆகிவிட்டது. அது நல்லதே. ஆயினும் எம்ஜிபி போன்ற வண்டியில் செருகுவதற்குத் துளை இல்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். உதிரிப்பாகத்தை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். அவர்களின் காதை எங்கிருந்து வரவழைப்பது?

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். வண்டியோடு போங்கள், பிள்ளையையும் உடன் அழைத்துப் போங்கள்.