கடன் வாங்கியது வீட்டுக்காரர், வெளியேறுவது நாமா?

வேலை முடிந்து திரும்பும்போது வாசல் சுவரில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்காரரின் பெயர், கடன் தொகை, மனையின் நான்கெல்லை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த வீட்டில் ஐந்தாறு ஆண்டுகளாக மாதம் தவறாமல் வாடகை கொடுத்துக் குடியிருப்பவரின் பெயர் மட்டும் இல்லை. வீட்டுக்காரர் போனை எடுப்பதில்லை. 'வீடு ஜப்திக்கு வந்திடுச்சாம்' என்று தெருவில் பேச்சு கிளம்புகிறது. அடுத்த வாரமே சாமானைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், கொடுத்த அட்வான்ஸைக்கூடக் கேட்காமல் குடும்பம் வேறு வீடு தேடக் கிளம்பிவிடுகிறது.

அப்படி உடனே கிளம்ப வேண்டியதில்லை. அதற்கு முதலில் அந்த நோட்டீஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, அடமான வீட்டைக் கைப்பற்ற வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடன் வாராக்கடன் ஆனதும் 13(2) பிரிவின்கீழ் கடனைக் கட்டச் சொல்லி 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். இது வீட்டுக்காரருக்குப் போவது. குடியிருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. கட்டாவிட்டால் 13(4) பிரிவின்கீழ் சுவாதீன அறிவிப்பை வீட்டில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்கும். நாம் சுவரில் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இது பெயரளவிலான கைப்பற்றல். ஆட்களை உண்மையில் வெளியேற்ற 14ஆம் பிரிவின்கீழ் சென்னையில் தலைமைப் பெருநகரக் குற்றவியல் நடுவரிடமோ, மாவட்டங்களில் ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உத்தரவு வாங்குவதுதான் வழக்கம். அதன் பிறகுதான் வழக்கறிஞர் ஆணையரும் போலீசும் வருவார்கள். ஆக, சுவரில் காகிதம் ஒட்டிய நாளுக்கும் கதவைத் தட்டும் நாளுக்கும் நடுவே அவகாசம் இருக்கிறது. அதை வீணடிக்கக் கூடாது.

குடியிருப்பவருக்கு என்ன உரிமை? இங்கே எல்லாமே தேதிதான். வீடு அடமானம் போவதற்கு முன்பே முறையான ஒப்பந்தத்தோடு குடிவந்திருந்தால், அந்தக் குத்தகைக் காலம் முடியும்வரை வங்கி வெளியேற்ற முடியாது என்று 2014இல் ஹர்ஷத் கோவர்தன் சோண்டாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தரும் பாதுகாப்பை சர்ஃபேசியைக் காட்டிப் பறிக்க முடியாது என்று 2016இல் விஷால் கல்சாரியா வழக்கில் சொன்னது. 2019இல் பஜரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கில் கதவு பாதி சாத்தப்பட்டது. ஓராண்டுக்கு மேல் இருக்க உரிமை உண்டு என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பதிவுசெய்த பத்திரம் வேண்டும். வாய்மொழியாகவோ பதிவில்லாத காகிதத்திலோ குடிவந்தவர் அந்த உரிமையைக் கோர முடியாது. அடமானத்துக்குப் பிறகு குடிவந்தவர் நிலை இன்னும் மோசம். 60 நாள் நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் சம்மதமில்லாமல் வாடகைக்கு விடப்பட்டவருக்குப் பாதுகாப்பே கிடையாது.

நீதிமன்றத்தின் சந்தேகத்துக்கும் ஒரு காரணம் உண்டு. கடனைக் கட்டாத வீட்டுக்காரர்கள் மச்சானையும் மருமகனையும் 'வாடகைதாரர்' ஆக்கி வங்கியைத் தடுத்து நிறுத்தும் தந்திரம் இங்கே பழையது. அந்தப் போலிகளைப் பிடிக்க விரித்த வலையில் உண்மையாகவே வாடகை கொடுத்தவர்களும் சிக்குகிறார்கள்.

சட்டம் காகிதம் கேட்கிறது. யாரிடம் காகிதம் இருக்கிறது என்பதை இந்நாட்டில் யார் தீர்மானிக்கிறார்கள்?

வீடு தேடிப் போனால் நம்மிடம் முதலில் கேட்கப்படுவது சம்பளம் அல்ல. 'சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? நான்வெஜ் சாப்பிடுவீங்களா?' இந்த மூன்று கேள்வியில் சாதி தெரிந்துவிடும். தெரிந்ததும் 'நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு' என்ற பதில் வரும். டெல்லியிலும் அதன் சுற்று நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் அவரது சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. தலித்துகளும் முஸ்லிம்களும் வீடு மறுக்கப்படுவதையும், கிடைக்கும் இடத்தில் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனைகளோடுதான் கிடைப்பதையும் அது பதிவுசெய்தது. சென்னையில் வீடு தேடிய எவருக்கும் இது புதுச் செய்தி அல்ல.

இப்படிப் பத்து இடத்தில் விரட்டப்பட்டுப் பதினோராவது இடத்தில் வீடு கிடைத்த ஒருவர் 'அக்ரிமெண்ட் போடுங்க சார்' என்று எப்படிக் கேட்பார்? கேட்டால் அந்த வீடும் போய்விடும். ரசீது கிடையாது, வாடகை கையில் ரொக்கமாகத்தான். மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில். ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் இந்த முகவரியைப் போடக் கூடாது என்று வாய்மொழிக் கட்டளை. நண்பரின் பெயரில் ஒப்பந்தம் போட்டுக் குடியிருப்பவர்களும் நம்மில் உண்டு. 1917இல் பரோடாவில் பார்சி விடுதியில் தங்க அம்பேத்கர் பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுத வேண்டியிருந்தது. பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். மாதச் சம்பளம் வாங்குகிற, பட்டம் பெற்ற தலித் இன்றும் சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம் வைத்திருக்கவில்லை என்றால் அதை அலட்சியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதலில் சாதி காகிதத்தை மறுக்கிறது. பிறகு 'காகிதம் இல்லையே' என்று சட்டம் கையை விரிக்கிறது. சட்டத்தில் சாதி என்ற சொல்லே இல்லாமல் சாதியின் வேலை நடந்து முடிகிறது.

சரி, நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. என்ன செய்வது?

நோட்டீஸை முழுமையாகப் போட்டோ எடுங்கள். வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும். பிறகு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். தமிழ்நாட்டில் வங்கியிடம் பத்திரம் ஒப்படைத்து வாங்கும் கடன்கள் பெரும்பாலும் அதில் தேதியோடு வந்துவிடும். நீங்கள் குடிவந்த தேதி, அடமானத் தேதி, 60 நாள் நோட்டீஸின் தேதி: இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் வழக்கின் பலம் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் இல்லாதவர்கள் சோர்ந்துவிடக் கூடாது. கூகுள் பே, போன்பே வழி அனுப்பிய வாடகை, அட்வான்ஸ் பற்றிய வாட்ஸ்அப் பேச்சு, காஸ் இணைப்பு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையில் உள்ள முகவரி, அந்த முகவரிக்கு வந்த தபால்கள், எல்லாமே சாட்சியம்தான். எவ்வளவு காலம் இருக்க உரிமை உண்டு என்பதை அவை நிரூபிக்காமல் போகலாம். நேற்று வந்து உட்கார்ந்த போலி ஆள் நீங்கள் அல்ல என்பதைக் காட்ட அவை உதவும். இவற்றின் நகல்களோடு அந்த அதிகாரிக்கு, சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் கடிதம் எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறேன், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, என்னைக் கேட்காமல் வெளியேற்றக் கூடாது. கடிதம் போனால், இந்த வீட்டில் ஆள் இருப்பது தெரியாது என்று வங்கி பிறகு சொல்ல முடியாது.

காவல் நிலையத்துக்கோ உரிமையியல் நீதிமன்றத்துக்கோ ஓடுவதில் பலனில்லை. சர்ஃபேசி விவகாரத்தில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு 34ஆம் பிரிவு தடை போடுகிறது. போக வேண்டிய இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. வங்கி நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் மனு போட வேண்டும். வாடகைதாரரின் உரிமைகோரலையும் அங்கே விசாரிக்க 2016 திருத்தம் 17(4ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. வழக்கறிஞர் கட்டணத்துக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். தீர்ப்பாய வழக்குகளுக்கும் அது பொருந்தும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வாடகையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் உங்களையே பாக்கிக்காரர் என்பார்கள். இனி வங்கிக்குத்தான் வாடகை என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அட்வான்ஸில் மாதாமாதம் கழித்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்தால் அதையும் எழுத்தில், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது வாங்குங்கள். அட்வான்ஸை வங்கியோ ஏலம் எடுத்தவரோ தருவார் என்று நம்பியிருக்க வேண்டாம். முன்தேதியிட்டு அக்ரிமெண்ட் போட்டுத் தருகிறேன் என்று இத்தனை நாள் ரசீதே தராத வீட்டுக்காரர் திடீரென்று அன்பு காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். முத்திரைத்தாள் விற்ற தேதி அதன் முதுகிலேயே இருக்கும், மாட்டுவது நீங்கள்தான்.

எனக்கு அதிகம் கவலை தருவது போக்கிய வீடுகள். வட சென்னையில் 'லீஸ்' என்றும் தெற்கே 'ஒத்தி' என்றும் சொல்வார்கள். நகையை அடகு வைத்து, மகளிர் குழுவில் கடன் வாங்கி, மூன்று லட்சம் ஐந்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கும் குடும்பங்கள். அடமானத்தில் இருக்கும் வீட்டைக் குத்தகைக்கு விடும்போது மொத்தமாகப் பணம் வாங்கக் கூடாது, முன்கூட்டியே வாடகை வாங்கக் கூடாது என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 65ஏ பிரிவு. வங்கிக் கடன் உள்ள வீட்டில் பதிவில்லாமல் போக்கியத்துக்கு இருப்பவர் வீட்டையும் இழப்பார், பணத்துக்கும் வீட்டுக்காரர் பின்னால் அலைய வேண்டியிருக்கும். போக்கியத்துக்குப் போகும் முன் வில்லங்கம் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 'லோன் எல்லாம் முடிஞ்சிடுச்சு' என்று சொல்லும் புரோக்கருக்குக் கமிஷன் மட்டுமே கணக்கு.

தனித்தனியாக இப்படித் தப்பித்துக்கொள்வது போதாது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு நடைமுறைப்படுத்திய புதிய வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம் என்கிறது. நமக்கு அதுதான் வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுக்கும்போது, குடியிருப்பவர் தனியாகவே தன் குடித்தனத்தைப் பதிவுசெய்ய எளிய வழி வேண்டும். பதிவுசெய்ததற்காக வெளியேற்றினால் தண்டனை வேண்டும். 60 நாள் நோட்டீஸ் வீட்டுக்காரருக்குப் போகும் அதே நாளில் அந்த வீட்டில் குடியிருப்பவர் கைக்கும் போக வேண்டும். கடன் கொடுக்கும்போது வீட்டை அளக்க ஆள் அனுப்பும் வங்கிக்கு, அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பது சிரமமான காரியம் அல்ல. வீட்டுரிமை பற்றிப் பேசும் நம் இயக்கங்கள் பட்டா, மனை, குடிசை மாற்று என்பதோடு நின்றுவிடுகின்றன. வாடகைவீட்டுக்காரர்களின் கோரிக்கை எந்தத் தீர்மானத்திலும் வருவதில்லை.

அதுவரை நம் பகுதியில் உள்ள அம்பேத்கர் படிப்பகங்களில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒருவர் போனோடு உட்கார்ந்தால் போதும். வருகிறவர்களின் வீட்டுக்கு வில்லங்கம் பார்த்துத் தரலாம், வாடகை ரசீதுகளைப் படமெடுத்து ஒரே இடத்தில் சேமிக்கச் சொல்லித் தரலாம், நோட்டீஸ் வந்தவருக்கு அந்தக் கடிதத்தை எழுதித் தரலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் நம்மிடையே இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.