ஈரத்துக்குக் கழித்த சம்பளம்

ஹற்றனுக்கு அண்மையில், துரைமார் வாழ்ந்த பழைய பங்களா ஒன்று இன்று உல்லாசப் பயணிகள் விடுதி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கு சில நாள் தங்கியிருந்தேன். பற்றறியில் இயங்கும் வக்யூம் கிளீனர் தூசியை இழுக்கவில்லையாம். அதைப் பழுதாக்கினார் என்று, லயத்திலிருந்து துப்புரவு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளத்தில் ஒரு தொகையைக் கழித்திருந்தார்கள்.

இயந்திரத்தைப் பார்த்தேன். பற்றறி முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தது. தூசிக் கலம் வெறுமை. நீள் குழாயைக் கழற்றிவிட்டு, உறிஞ்சும் வாயில் உள்ளங்கையை வைத்தேன். அங்கே பலமாக இழுத்தால் அடைப்பு குழாயில் இருக்கும். அல்லது தூரிகையில் தலைமயிர் சிக்கியிருக்கும். அங்கேயும் இழுவை இல்லை. வடிகட்டியைக் கழற்றினேன். ஈரம்! நுண்தூசி அதில் சேறாகி, துளைகளை அடைத்திருந்தது. இது மோட்டாருக்கும் கேடு.

"கழுவி ஒரு நாள் காயவிட்டா போதும்னு சொன்னாங்க ஐயா" என்றார் அந்தப் பெண்.

கையேட்டைப் புரட்டினேன். குறைந்தது 24 மணித்தியாலம், முற்றாக உலரும் வரை என்றிருந்தது. முதற்பாதியை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் இந்த மலையில் சேலையே ஒரு நாளில் உலராது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பெட்டிக்குள் இருந்த கையேட்டிலோ பல மொழிகள், தமிழுமில்லை, சிங்களமுமில்லை.

1970களின் இறுதியில் ஜேம்ஸ் டைசன் என்ற ஆங்கிலேயர் இதே குறையைச் சந்தித்தார். தூசிப் பையின் துளைகள் அடைபடுவதே காரணம் என்று கண்டு, மாற்று வழி தேடி 5,127 மாதிரிகள் செய்தார். அவர் குற்றத்தைப் பையில் கண்டார். நம்மவர் பெருக்கியவரில் காண்கிறார்கள்.

கழித்தால்தான் கவனம் வரும் என்கிறார் முகாமையாளர். எவருடைய கவனம்? அரைகுறையாகச் சொன்னவரின் சம்பளத்தில் சதம் குறையவில்லையே! கொழுந்தின் ஈரத்துக்கென்று நிறையில் கிலோக் கணக்கில் கழித்துப் பழகிய மலையகம் இது. இப்போது வடிகட்டியின் ஈரத்துக்கும் கழிக்கிறது.

வடிகட்டியை மீண்டும் கழுவி, நெருப்பில் காட்டாமல், காற்றோட்டமான இடத்தில் மூன்று நாள் உலர்த்தி மாட்டினோம். இழுவை திரும்பிவிட்டது. கழித்த பணம், நான் புறப்படும்வரை திரும்பவில்லை.

அதைத் திருப்பிக் கொடுங்கள். கூடவே, உலர்த்தும் முறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். செலவு ஒரு தாள்தான்.