யானைத் தலையும் ஏலத் தோட்டத்துக் கையும்

விநாயகருக்கு யானைத் தலை பொருத்தப்பட்டதே ஒட்டறுவை மருத்துவம் அன்றே இருந்ததற்குச் சான்றாம்! இப்படிப் பேசியவர் திண்ணைப் பண்டிதரல்லர். 2014 இல் மும்பையில் மருத்துவமனைத் திறப்பு விழா ஒன்றில் நாட்டின் தலைமை அமைச்சர்!

நாம் கேட்கிறோம்: அந்தத் தெய்வீக வித்தை, போடி மலைச்சரிவிலே கை அழுகித் துடிக்கும் கூலிப் பெண்ணுக்கு உதவுமா?

விடியுமுன் போடியிலிருந்து ஜீப்புகள் மலையேறுகின்றன. ஏலச் செடியின் தூரில் குனிந்து காய் பறிக்கும் கையை அரிவாள் கீறும், அட்டை கடிக்கும். பெரும்பாலும் ஆறிவிடும். எப்போதோ ஒருமுறை ஆறாது. கீறல்வழி நுழையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமி, தோலுக்கடியில் தசையுறை வழியே பரவும். இரத்தக் குழாய்கள் அடைபடும், சதை அழுகும். வெளியே சிறு சிவப்பு, உள்ளே பெருந்தீ! காயத்தின் அளவுக்கு மிஞ்சிய வலியும் காய்ச்சலுமே எச்சரிக்கை. நாள் கணக்கிலன்று, மணிக் கணக்கில் பரவும் கொடுமை இது.

அந்நேரத்தில் ‘அக்கி’ என்று காவி குழைத்து எழுதுவதா? ‘அம்மன் குற்றம்’ என்று திருநீறு போடுவதா? கைக்கு வரும் கேடு உயிருக்கே வருமே!

அழுகிய சதையை அறுத்தெறிய வேண்டும், தயங்காமல், தேவையெனில் மீண்டும் மீண்டும். கிருமிக்கொல்லி மருந்தும் உடன் வேண்டும். புண் தூய்மையானபின் தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்துப் போர்த்துவர். எலும்போ தசைநாணோ வெளித்தெரிந்தால், இரத்த ஓட்டமுள்ள சதையோடு தோலைத் திருப்பிப் பொருத்துவர். தன் தோலே நிலைக்கும். அயலார் தோலை உடல் தள்ளிவிடும். ஏன் என்று ஆய்ந்த மெடவார் 1960 இல் நோபல் பரிசு பெற்றார். மனிதத் தோலையே மனித உடல் மறுக்கும்போது, யானைத் தலையா ஒட்டும்?

பழம்பெருமைதான் வேண்டுமா? மெய்யானதைச் சொல்கிறோம். 1794 இல் இலண்டன் ஏடொன்று எழுதிற்று: புனேயில் மூக்கறுபட்ட மாட்டுவண்டிக்காரர்க்கு நெற்றித் தோலை இறக்கி மூக்கமைத்தவர், செங்கல் செய்யும் சாதியினர். அவர் கைத்திறனை இலண்டன் கற்றது. மனுநூலோ, மருத்துவனைச் சிராத்தப் பந்தியிலிருந்தே விலக்கிற்று! முற்பிறவிப் பாவமென்று ஒதுக்கப்பட்ட தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை, 1940களின் இறுதி முதல் வேலூரில் பால் பிராண்டு நிமிர்த்தினார். விதியை வென்றது கத்தி!

‘உயிர் பிழைத்தாயிற்று, இனி அழகு எதற்கு?’ என்பார் உளர். அழகா? விரல் மடங்காவிட்டால் காய் பறிப்பது எப்படி? கூலி ஏது? கஞ்சி ஏது? சீரமைப்பு அறுவை சீமாட்டியின் சிங்காரமன்று, உழைப்பாளியின் உரிமை!

இளைஞர்களே! ஜீப்புகள் நிற்கும் இடங்களுக்குச் செல்லுங்கள். பொருந்தா வலியென்றால் பூசாரி வீடு வேண்டாம், அரசு மருத்துவமனைக்கு உடனே செல்க என்று சொல்லுங்கள். காயம்பட்டவரை இறக்கிக் கொண்டுவர ஊர்தியும், ஆறும்வரை கூலியும் தோட்ட முதலாளியிடம் கேளுங்கள்.

யானைத் தலையை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டுவது, மீண்டும் விரல் மடங்கும் ஒரு கை!