பட்டுப்புடவைக்கு நேர்ல போவீங்க, படிப்புக்கு மட்டும் போன் போதுமா?

"உங்க ஊர் ஸ்கூல்ல டீச்சர் இல்லன்னா என்னங்க, அதான் எல்லாம் ஆன்லைன்ல வந்துடுச்சே! சென்னையில இருக்கிற நல்ல டீச்சரோட பாடத்தை உங்க ஊர் பிள்ளையும் உக்காந்த இடத்துல பாத்துக்கலாமே."

போன மாசம் அடையாறுல அரிசி இறக்கினப்போ ஒரு வாடிக்கையாளர் சொன்னது இது. நல்ல மனுஷர். நாலு வருஷமா என்கிட்ட தூயமல்லி வாங்குறவர், கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா இதே பேச்சை மயிலாப்பூர்லயும் கேக்குறேன், தி. நகர்லயும் கேக்குறேன், இப்ப எங்க ஊர் டீக்கடையிலயும் கேக்க ஆரம்பிச்சுட்டேன். எங்க ஊரு தொடக்கப்பள்ளி ஈராசிரியர் பள்ளி. அதுல ஒருத்தர் ஓய்வு பெற்றுப் போய்ட்டார். மிச்சம் இருக்கிற ஒரே டீச்சர் அஞ்சு வகுப்பையும் கட்டி மேய்க்கிறாங்க. இந்த நேரத்துல "ஒரு பெரிய திரையை மாட்டிட்டா போதும், சமாளிச்சிடலாம்"னு சொல்றவங்க கூடிக்கிட்டே போறாங்க. அதனால பதில் எழுதித்தான் ஆகணும்.

என் கட்சி இதுதான். பாடம் வேற, படிப்பு வேற. பாடத்தைத் திரை வழியா அனுப்பிடலாம். ஆனா படிப்பு நடக்கணும்னா பிள்ளையோட கவனம் வேணும். சின்னப் பிள்ளைக்குக் கவனம் எங்கேர்ந்து வருது? தன்னை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காங்க, பக்கத்துல நாலு பேர் தன்னோட சேந்து செய்றாங்க, இந்த ரெண்டுலேர்ந்துதான் வருது. திரையால பாடம் சொல்ல முடியும். பிள்ளையைப் பாக்க முடியாது.

உடையவன் பாராப் பயிர் உருப்படாதுன்னு சும்மா சொல்லல. வரப்புல நடக்கிறவனுக்குத்தான் எந்த மூலையில தண்ணி ஏறலை, எந்த இடத்துல குருத்து மஞ்சளா இருக்குன்னு தெரியும். வகுப்பும் அப்படித்தான். "புரிஞ்சுதா?"ன்னு டீச்சர் கேட்டா முப்பது பேரும் "புரிஞ்சுது டீச்சர்"னுதான் கத்துவாங்க. அதுல மூணாவது வரிசையில ஒருத்தன் வாய மட்டும் அசைக்கிறான் பாருங்க, அவனைக் கண்டுபிடிக்கிறதுதான் டீச்சர் வேலை. கேமராவை அணைச்சு வச்ச நாப்பது கறுப்புக் கட்டத்துல அவனை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

இதை நான் கற்பனையா சொல்லல. நாம எல்லாரும் ஒரு தடவை பாத்தாச்சு. 2020 மார்ச்ல பள்ளிக்கூடத்தைப் பூட்டினாங்க. ஒன்பதுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் நடுவுல கொஞ்ச நாள் திறந்து, மறுபடி பூட்டி, 2021 செப்டம்பர் 1-லதான் திறந்தாங்க. ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் 2021 நவம்பர் 1 வரைக்கும் கதவே திறக்கல. ஒண்ணரை வருஷத்துக்கு மேல! அந்தச் சமயத்துல திரை இல்லாமலா போச்சு? அடையாறை ஒட்டி இருக்கிற கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துலேர்ந்து 2019 ஆகஸ்ட்லயே கல்வித் தொலைக்காட்சி ஆரம்பிச்சாச்சு. வசதியான பள்ளிக்கூடங்கள்ல தினமும் போன்ல வகுப்பு. அடையாறு ஊரூர் குப்பம், மயிலாப்பூர் நொச்சிக்குப்பம் மாதிரி இடங்கள்ல வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே பெருசு. அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போனா அன்னைக்கு வகுப்பு கிடையாது. மயிலாப்பூர் மாடவீதிக்கும் நொச்சிக்குப்பத்துக்கும் நடந்தே போயிடலாம். அதுக்குள்ள ரெண்டு பள்ளிக்கூடம், ரெண்டு உலகம்.

"போன் இல்லாததுதான பிரச்சினை, எல்லாருக்கும் டேப்லெட் குடுத்துட்டா சரியாப் போச்சு"ம்பீங்க. சரி, போன் இருந்த வீட்டுல என்ன நடந்துச்சு? பிள்ளை வகுப்புல இருக்கு, மனசு விளையாட்டுல இருக்கு. அம்மா பின்னாடி நின்னு பதில் சொல்லிக் குடுக்கிறாங்க. வருகைப் பதிவுல எல்லாரும் ஆஜர். மத்திய அரசே 2020 ஜூலைல வழிகாட்டு நெறிமுறை போட்டுச்சு: ஒண்ணுலேர்ந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் நாளைக்கு ரெண்டு வகுப்புக்கு மேல வேண்டாம், ஒவ்வொண்ணும் முப்பதுலேர்ந்து நாப்பத்தஞ்சு நிமிஷத்தோட நிறுத்திக்கோங்கன்னு. அதாவது முழுப் பள்ளிக்கூடத்தைத் திரைக்குள்ள அடைக்க முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும்.

அப்புறம் கணக்குப் பாத்தாங்க. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோன்னு மூணு பொருளாதார அறிஞர்கள், நம்ம தமிழ்நாட்டுல 220 கிராமங்கள்ல சுமார் 19,000 பிள்ளைங்களுக்குச் சோதனை வச்சாங்க. 2021 டிசம்பர்ல பாத்தப்ப, 2019-ல அதே வயசுப் பிள்ளைங்க இருந்த நிலையை விடக் கணக்குல பெரிய பள்ளம். தமிழ்ல அதுல பாதி அளவுக்குப் பள்ளம். ஆனா இந்த ஆய்வுல எனக்குப் பிடிச்சது அடுத்த பகுதி. பள்ளிக்கூடம் திறந்து ஆறு மாசத்துக்குள்ள அந்தப் பள்ளத்துல மூணுல ரெண்டு பங்கு தூந்துடுச்சு. அப்படித் தூந்ததுல ஏறக்குறைய கால் பங்கு "இல்லம் தேடிக் கல்வி"யால வந்ததுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க.

அந்த இல்லம் தேடிக் கல்வின்னா என்ன? ஏதாவது ஆப்பா? இல்லைங்க. ஊர்லயே இருக்கிற ஒரு பொண்ணு, சாயந்திரம் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம், இருபது பிள்ளைங்க, ஒரு திண்ணை இல்லன்னா ஒரு கோயில் மண்டபம். மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. கோடிக்கணக்குல செலவு பண்ணின திரையால செய்ய முடியாததை, பாய் விரிச்சு உக்காந்த ஒரு தங்கச்சி செஞ்சிருக்கு. ஏன்னா அது பிள்ளை முகத்தைப் பாத்துச்சு. வராத பிள்ளை வீட்டு வாசல்ல போய் நின்னு, "ஏன்டா வரல?"ன்னு கேட்டுச்சு.

"தொழில்நுட்பமே வேணாங்கிறீங்களா, கட்டை வண்டிக்கே போயிடலாமா"ன்னு ஒரு கிண்டல் வரும். வரட்டும். தொலைவுலேர்ந்து பாடம் கேட்டு ஜெயிச்ச பரம்பரைங்க நாங்க. 1960-கள் நடுவுல தஞ்சாவூர் ஜில்லாவுல ஆடுதுறை 27 நெல் பரவினது எப்படி? திருச்சி வானொலி வழியா. அதனாலதான் அதுக்கு "ரேடியோ நெல்"னே பேர் வந்துச்சு. எங்க ஊர்ல பெரியவங்க இன்னும் அப்படித்தான் சொல்வாங்க. அப்ப ரேடியோவுல முடிஞ்சது இப்ப இன்டர்நெட்ல முடியாதா?

முடியும். ஆனா அந்தக் கதையை முழுசாச் சொல்லணும். ரேடியோ கேட்டவன் தனியா ஒரு ரூம்ல உக்காந்து கேக்கல. ஊர்ப் பொது இடத்துல பத்துப் பேரோட உக்காந்து கேட்டான். கேட்டு முடிச்சதும் "இது நடக்குமாய்யா?"ன்னு சண்டை போட்டான். மறுநாள் கிராம சேவக் வயலுக்கே வந்து நின்னார். பக்கத்து வயல்காரன் நட்டதைக் கண்ணால பாத்தான். தஞ்சாவூர்ல அப்ப பேக்கேஜ் திட்டம்னு விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒண்ணா இறங்கியிருந்த காலம். ரேடியோ சேதி சொல்லுச்சு, மனுஷங்கதான் கத்துக் குடுத்தாங்க. இதுக்கு முன்னாடியே 1956-ல புனே பக்கத்துக் கிராமங்கள்ல யுனெஸ்கோ உதவியோட ஒரு சோதனை நடந்துச்சு. குழுவா உக்காந்து கேட்டு விவாதிச்ச ஊர்கள்ல சனங்க நிறையக் கத்துக்கிட்டாங்க. ரேடியோ மட்டும் இருந்து குழு இல்லாத ஊர்கள்ல பெருசா ஒண்ணும் ஏறலை. எழுபது வருஷத்துக்கு முன்னாடி தெரிஞ்ச பாடத்தை இன்னைக்குப் புதுசாக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு!

இதெல்லாம் சென்னைக்காரங்களுக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். தங்களுக்கு முக்கியமான விஷயத்துல அவங்க எப்படி நடந்துக்கிறாங்கன்னு பாருங்க.

முதல்ல அடையாறு. அங்கதான் ஐஐடி மெட்ராஸ் இருக்கு. 2003-லேர்ந்து மத்த ஐஐடிகளோட சேந்து என்பிடெல்னு பாடம் எல்லாத்தையும் இலவசமா வலையில போட்டு வச்சிருக்காங்க. கையெடுத்துக் கும்பிடணும். மன்னார்குடியில இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை ஐஐடி பேராசிரியர் பாடத்தை ராத்திரி பத்து மணிக்குக் கேக்குதுன்னா சும்மாவா? 2020-ல ஆன்லைன்லயே பட்டப்படிப்பும் ஆரம்பிச்சாங்க. ஆனா அவங்க வைக்கிற நிபந்தனையைக் கவனிங்க. வாரா வாரம் வீட்டுப்பாடம் கெடு தேதிக்குள்ள குடுக்கணும். பரீட்சைக்கு மையத்துக்கு நேர்ல வந்து உக்காரணும். சும்மா பாத்தவனுக்குச் சான்றிதழ் கிடையாது. ஆன்லைன் கல்வியை இந்த நாட்டுலயே நல்லா நடத்துறவங்க, அதுவும் பதினெட்டு வயசு தாண்டி, தானா விரும்பி வந்தவங்களுக்கே இவ்வளவு கட்டு வைக்கிறாங்க. நீங்க ஏழு வயசுப் பிள்ளை கையில போனைக் குடுத்து "படி கண்ணு"ங்கிறீங்க.

கட்டு இல்லன்னா என்ன ஆகும்னும் தெரியும். அமெரிக்காவுல ஹார்வர்டும் எம்ஐடியும் இலவசமா நடத்தின ஆன்லைன் படிப்புகள்ல 2017-18-ல சேந்தவங்கள்ல முடிச்சவங்க நூத்துக்கு மூணு பேர்தான். காசு கட்டிச் சேந்தவங்க மட்டும் பாதிக்குக் கொஞ்சம் குறைவா முடிச்சாங்க. பெரியவங்க கதையே இது.

மேற்பார்வையையும் கேமராகிட்டயே விட்டா என்ன ஆகும்? அதுவும் சென்னையிலயே நடந்துச்சு. 2021 ஆரம்பத்துல அண்ணா பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவு வச்சுக் கண்காணிச்சு ஆன்லைன் தேர்வு நடத்துச்சு. ஏகப்பட்ட மாணவர்கள் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டு, கூச்சல் கிளம்பி, கடைசியில மறுதேர்வு வச்சாங்க. ஹால்ல நிக்கிற கண்காணிப்பாளர் ஒரு பார்வையில தீர்க்கிற சந்தேகம் அது.

அடுத்து மயிலாப்பூர். அங்க பாட்டு டீச்சர்கள் எத்தனையோ பேர் விடியக்காலையில எந்திரிச்சு அமெரிக்காவுல இருக்கிற பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல பாட்டு சொல்லிக் குடுக்கிறாங்க. ஒரு அம்மாகிட்ட கேட்டேன். "சேந்து பாட முடியாதுப்பா. என் குரல் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள தாளம் தப்பிடும். நான் பாடுவேன், அது திருப்பிப் பாடும், அவ்வளவுதான்"னாங்க. அதனாலதான் மார்கழி வந்தா டிக்கெட் போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு மயிலாப்பூருக்கே வந்துடறாங்க. கத்துக்குடுக்கிறவரோட மூச்சு எங்க நிக்குதுன்னு பாக்கணும்ல?

கடைசியா தி. நகர். புடவையை வீட்ல இருந்தே போன்ல வாங்கலாம். ஆனாலும் தீபாவளி நேரத்துல உஸ்மான் ரோட்டுல நடக்க முடியுதா? கல்யாணப் பட்டுன்னா தொட்டுப் பாக்கணும், ஜரிகையைத் திருப்பிப் பாக்கணும், கடைக்காரர் பத்துப் புடவை விரிச்சுப் போடணும். ஒரு நாள் கட்டப் போற புடவைக்கு இவ்வளவு. ஆயுசு முழுக்க வரப் போற படிப்புக்கு "லிங்க் அனுப்புறேன்"!

ஆக, தனக்கு உசத்தியானதை எல்லாம் நேர்ல வச்சுக்கிட்டு, மத்தவன் பிள்ளைக்குத் திரையைப் பரிந்துரை பண்றது நியாயமா? அடையாறு, மயிலாப்பூர்ல எந்தப் பெற்றோராவது "இந்த வருஷம் டீச்சர் கிடையாது, பெரிய டிவி வச்சிருக்கோம், அதே ஃபீஸ்"னு சொன்னா ஒத்துப்பாங்களா? பள்ளி வாசல்ல மறியல் நடக்கும். எங்க ஊருன்னா மட்டும் அதுக்குப் பேர் முன்னேற்றம்.

சென்னை வாசகர்களுக்கும் ஒண்ணு சொல்றேன். இப்ப அங்க மழை லீவு விட்டாலே, சில தனியார் பள்ளியில உடனே ஆன்லைன் வகுப்புன்னு மெசேஜ் வந்துடுது. தெருவுல முழங்கால் தண்ணி, வீட்ல கரண்ட் இல்ல, ரெண்டாம் வகுப்புப் பிள்ளை போனைத் தூக்கிக்கிட்டு சிக்னல் தேடுது. அன்னைக்கு அந்தப் பிள்ளை என்ன கத்துக்கும்? கேமரா முன்னாடி உக்காந்துக்கிட்டு இல்லாத மாதிரி இருக்கிறது எப்படின்னு கத்துக்கும். அந்தப் பழக்கம் காலேஜ் வரைக்கும் கூட வரும். ஒரு நாள் பாடம் போனா அடுத்த சனிக்கிழமை நடத்திக்கலாம்.

பெருந்தொற்று மாதிரி வேற வழியே இல்லாத நேரம், ஆஸ்பத்திரியில கிடக்கிற பிள்ளை, வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் திரை ஒரு வரம். ஒரு நல்ல டீச்சர் கையில அது சாக்பீஸ் மாதிரி ஒரு கருவி. எரிமலையை வாயால சொல்றதை விட வீடியோவுல காட்டலாம், காட்டிட்டு நிறுத்தி, "இப்ப சொல்லு, ஏன் வெடிச்சுது?"ன்னு கேக்கலாம். அந்த நிறுத்திக் கேக்கிற ஆள் வேணும்ங்கிறதுதான் என் வழக்கு.

அதனால வர்ற கிராம சபையில நான் மூணு விஷயம் எழுதிக் குடுக்கப் போறேன். உங்க ஊர்லயும் குடுங்க. ஒண்ணு, காலியா இருக்கிற ஆசிரியர் இடத்தை முதல்ல நிரப்பணும், திரை அதுக்கப்புறம் வரட்டும். ரெண்டு, அஞ்சாம் வகுப்பு வரைக்கும் எந்தத் திரைப் பாடம் ஓடினாலும் பக்கத்துல பிள்ளைங்க முகத்தைப் பாக்கிற ஒரு ஆள் இருக்கணும். மூணு, அந்த ஆளா நம்ம ஊர்ல படிச்சிட்டு வீட்ல இருக்கிற பொண்ணுங்களையே எடுத்து, ஆயிரம் ரூபாயோட நிறுத்தாம மரியாதையான சம்பளம் குடுக்கணும்.

தீர்மானப் புத்தகத்துல ஏத்துறாங்களா இல்லையான்னு அடுத்த பதிவுல சொல்றேன். சென்னைக்காரங்க யாராவது இதுக்கு எதிர்வாதம் வச்சிருந்தா தாராளமா எழுதுங்க. ஆனா ஒரு நிபந்தனை: உங்க பிள்ளைக்கும் அதையே செய்வீங்கன்னா மட்டும் எழுதுங்க.