பதினான்கு பேருக்கான பெட்டி, இரண்டு பேர் வாழும் வீடு

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் உள்ள பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கும் பொருட்களின் வரிசையில் பாத்திரம் கழுவும் இயந்திரமும் சேர்ந்துவருகிறது. இது வரவேற்கத்தக்க மாற்றம். முழங்கால் தேய்ந்த தாய்மார் கிணற்றடியில் குந்தியிருந்து சட்டி தேய்ப்பதை மரபு என்று போற்றுபவர்கள், பெரும்பாலும் அந்தச் சட்டியை ஒரு நாளும் தேய்த்திராதவர்களே.

ஆனால், எந்த அளவில் வாங்குவது என்ற கேள்விக்கு ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு விடை காண்பதில்தான் சிக்கல். வீடு பெரிது, ஆகவே இயந்திரமும் பெரிதாக இருக்கட்டும் என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்தப் பெரிய வீட்டில் ஆண்டு முழுவதும் வாழ்பவர்கள் இரண்டு முதியவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

விற்பனைக்கு வரும் இயந்திரங்கள் பொதுவாக மூன்று அளவின. மேசைமேல் வைக்கும் சிறியது ஏறத்தாழ 55 சென்ரிமீற்றர் அகலம். 6 பேருக்கு என்பார்கள். ஒடுங்கியது 45 சென்ரிமீற்றர். 9 முதல் 11 பேருக்கு. முழு அளவு 60 சென்ரிமீற்றர். 12 முதல் 16 பேருக்கு. இந்த எண்ணிக்கை நம்மை மயக்கக்கூடாது. இங்கே ‘ஒரு பேர்’ என்பது ஐரோப்பிய மேசையில் ஒருவருக்கு வைக்கப்படும் தட்டுகள், கோப்பை, குவளை, கரண்டி, கத்தி, முள்ளுக்கரண்டி ஆகியவற்றின் தொகுதி. நமது குசினியில் தட்டுகள் குறைவு, பாத்திரங்களோ அதிகம். சோற்றுப் பானை, இரண்டு மூன்று கறிச்சட்டிகள், சொதிச்சட்டி, தாச்சி, புட்டு அவிக்கும் பானை என்று இரண்டு பேர் சமையலிலேயே ஒரு தட்டு நிரம்பிவிடும். விளம்பரம் சொல்லும் எண்ணிக்கையைப் பாதியாக்கிக் கணக்கிடுவதே நமக்குப் பொருந்தும் என்பது எனது கருத்து.

மண்சட்டி, நீத்துப்பெட்டி, சிரட்டை அகப்பை, இரும்புத் தாச்சி ஆகியவற்றை எந்த அளவு இயந்திரத்திலும் இடக்கூடாது. அலுமினியம் கறுத்துவிடும். ஆகவே, கையால் கழுவும் வேலை முற்றாக ஒழியப்போவதில்லை. எவர்சில்வர் பாத்திரங்களும் பீங்கானும் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்த பின்னரே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

மேசைமேல் வைக்கும் சிறிய இயந்திரத்தில் சோற்றுப் பானை நுழையாது. அது நமக்கு உதவாது. முழு அளவு இயந்திரமோ இரண்டு பேர் உள்ள வீட்டில் நிறைய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். நமது வெக்கையில் மீன்குழம்பு பட்ட பாத்திரங்கள் அவ்வளவு நாள் மூடிக் கிடந்தால் நாற்றமும் எறும்பும் கரப்பானும்தான் மிஞ்சும். அரைவாசி நிரப்பி ஓட்டினால் நீரும் மின்சாரமும் வீண். எனவே, முதியவர் இருவர் வாழும் வீட்டுக்கு 45 சென்ரிமீற்றர் இயந்திரமே ஏற்றது. அகலம் குறைந்தாலும் உயரத்தில் அது பெரியதற்கு ஏறத்தாழச் சமமானது. மேல்தட்டை உயர்த்தினாலோ கழற்றினாலோ பானைக்கு இடம் கிடைக்கும். நல்லூர்த் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்திறங்கும் வாரங்களில் நாளுக்கு இரண்டு முறை ஓட்டிக்கொள்ளலாம். நாள்தோறும் நான்கு, ஐந்து பேர் உண்ணும் வீடாயின் 60 சென்ரிமீற்றர் தகும்.

அளவுக்கு அடுத்தது நீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற்பாறைக்குள் தேங்கும் மழைநீரே கிணற்றில் ஊறுகிறது. அது கடினநீர் என்பதற்குக் கேத்திலின் அடியில் படியும் வெண்மையே சாட்சி. இயந்திரத்தின் உப்பு அறையை அதற்குரிய பருமணி உப்பால் நிரப்பி, நீரின் கடினத்துக்கு ஏற்ப அளவை அமைக்காவிட்டால் குழாய்களும் சூடாக்கியும் சுண்ணாம்பு படிந்து பழுதாகும். உவர்நீர்க் கிணறுகள் உள்ள கரையோரங்களிலும் தீவகத்திலும் நிலைமை வேறு. இயந்திரத்தின் மென்னீராக்கி கடினத்தை நீக்குமே தவிர உவரை நீக்காது. உவர் உருக்கையும் அரிக்கும். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. குழாய்நீர் எட்டும் வீடுகளுக்கு இந்தக் கவலை குறையலாம்.

சிக்கன முறையில் ஒரு தடவை கழுவ ஏறத்தாழ 10 லீற்றர் நீர் போதும்; கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவதைவிட இது மிகக் குறைவு. ஆனால், பல இயந்திரங்கள் 0.5 பார் அளவு நீரழுத்தம் கேட்கும். அதற்கு மேல்தாங்கியின் நீர்மட்டம் ஏறத்தாழ 5 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். கழிவுநீரையும் வழக்கம்போல் வாழையடிக்கு விடலாகாது. அந்தச் சவர்க்காரத்தின் காரமும் உப்பும் மண்ணுக்கு ஆகாதவை. சுண்ணக்கல் வழியே கிணற்றுக்கும் அவை விரைவில் சென்று சேரும்.

பிள்ளைகள் வாங்கும் பொருள் பெற்றோரின் நாளாந்த வேலையைக் குறைக்க வேண்டும். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கான பொருளாகிவிடக் கூடாது. ஆகவே, கடைக்குப் போகுமுன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுங்கள். நேற்று என்னென்ன பாத்திரம் கழுவினீர்கள், எந்தப் பானை மிகப் பெரியது, கிணற்று நீர் உவர்க்கிறதா என்று கேளுங்கள். எந்த விளம்பரத் தாளைவிடவும் சரியான அளவை அவர் சொல்லுவார்.