கல்யாணம் ஆயிடுச்சா?

புள்ளிராஜாவை ஞாபகம் இருக்கிறதா? 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கத் தட்டிகளிலும் டிவியிலும் ஒரே கேள்விதான். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" டீக்கடையில் கிண்டலடித்தார்கள், காலேஜில் கிண்டலடித்தார்கள். ஆனால் கிண்டலடிப்பதற்காகவாவது அந்த வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொன்னார்கள்! அதே ஊரில் இன்றைக்கு, "புள்ளிராஜாவுக்கு கிளமிடியா வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். அது என்ன, ஏதாவது செடியா என்று திருப்பிக் கேட்பார்கள்.

செடி இல்லை. உடலுறவு மூலம் பரவும் ஒரு பாக்டீரியா. அதோடு கொனோரியா (ஊர்ப் பேச்சில் வெட்டை), சிபிலிஸ் (மேகப்புண்), டிரைக்கோமோனியாசிஸ் என்று இன்னும் மூன்று. 2020-ஆம் ஆண்டில் மட்டும் இந்த நான்கும் சேர்ந்து உலகம் முழுக்க 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம் 37.4 கோடி புதிய தொற்றுகளை உண்டாக்கின என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் கிளமிடியாவின் பங்கு 12.9 கோடி. இதில் வேடிக்கை என்னவென்றால், நான்குமே மருந்தில் குணமாகிறவை. பெரும்பாலும் ஒரே ஊசி, அல்லது ஒரு வாரத்து மாத்திரை. முடிந்தது கதை.

அப்புறம் ஏன் கதை முடியவில்லை? இருப்பதே தெரியாததால்தான். கிளமிடியா தொற்றிய பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கும், ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கும் எந்த அறிகுறியும் வருவதில்லை. வலி இல்லை, புண் இல்லை, காய்ச்சல் இல்லை. சிபிலிஸ் இன்னும் தந்திரக்காரன். முதலில் ஒரு புண் வரும், ஆனால் வலிக்காது. மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். சரியாகிவிட்டது என்று ஆள் நிம்மதியாகத் தூங்குவார், கிருமி மட்டும் தூங்காமல் உள்ளே வேலை பார்க்கும்.

வலிக்காத வியாதியைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வலிக்காதபோதே சோதிப்பது. அரசாங்கத்தின் வழிமுறையோ பல வருடங்களாக நேர் எதிர்த் திசையில் இருந்தது. வருகிறவர் சொல்லும் அறிகுறியைக் கேட்டு, அதற்கென்று நிறம் பிரித்து வைத்த மருந்துப் பொட்டலத்தைக் கொடுப்பார்கள். சீழ் வந்தால் சாம்பல் நிறம், வெள்ளைப்படுதல் என்றால் பச்சை நிறம், இப்படி. லேப் இல்லாத கிராமத்து ஆஸ்பத்திரிக்கு இது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அறிகுறியே இல்லாதவருக்கு என்ன நிறப் பொட்டலம்? அவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

சரி, அறிகுறி வந்தவர்களாவது பிழைத்துக்கொள்கிறார்களா? காலேஜில் படிக்கும் இருபது வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். அடிவயிற்றில் வலி, மாதவிலக்குக்கு நடுவில் லேசாக ரத்தம். தோழியிடம் சொன்னால் "சூடுடி, இளநி குடி, வெந்தயம் முழுங்கு" என்பாள். பத்து நாள் இளநீர் குடித்தும் போகவில்லை, தயங்கித் தயங்கி ஒரு கிளினிக்குக்குப் போகிறாள். முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" "இல்லைங்க." அவ்வளவுதான். அந்த ஒரு பதிலோடு பால்வினை நோய்க்கான சோதனை எல்லாம் பட்டியலிலிருந்து அடிபட்டுப் போகிறது. சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருந்தால், அவளாக வாய் திறந்து சொல்லவும் வழியில்லை.

பையன்களுக்கு இந்தக் கேள்வி இல்லை. ஆனால் அவர்களுக்கு வேறு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். "வாலிப வயோதிக அன்பர்களே!" என்று ராத்திரி டிவியில் கூப்பிட்டு, மாதம் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்று அறிவிக்கும் கூட்டம் ஒரு பக்கம். கூச்சத்தோடு மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால், சீட்டு இல்லாமலே நாலு ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். இப்படி அரையும் குறையுமாகத் தின்றதற்கு விலை கொடுத்தாகிவிட்டது. ஒரு காலத்தில் கொனோரியாவைக் கேட்டுக்கொண்டிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு இன்று இந்தியாவில் அந்தக் கிருமி பெரும்பாலும் மசிவதில்லை.

கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கிளமிடியாவும் கொனோரியாவும் மெல்ல மேலே ஏறிக் கருப்பையையும் கருக்குழாய்களையும் புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் அடைபடலாம். அப்புறம் குழந்தை நிற்காது, அல்லது குழாயிலேயே கரு தங்கி உயிருக்கே உலை வைக்கும். ஊருக்கு ஊர் கருத்தரிப்பு மையத்தின் விளம்பரத் தட்டி நிற்கிறது. அதில் ஏறி இறங்கும் பெண்களில், இருபது வயதில் ஒரு பிரியாணிக் காசு மாத்திரையில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்காக முப்பது வயதில் லட்சங்களைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பணத்தோடு போனால் பரவாயில்லையே! "மலடி" என்ற பட்டத்தையும் அவள்தான் சுமக்க வேண்டும். கிருமியைக் கொண்டுவந்து கொடுத்தவனுக்கு ஒரு பட்டமும் கிடையாது.

உடனே கலாச்சாரக் காவலர்கள் கிளம்பி வருவார்கள். "இதெல்லாம் மேல்நாட்டு வியாதி, இங்கே பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடும்." 2005-இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில், திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். ஊரே கொந்தளித்தது. விளக்குமாறும் செருப்பும் வீதிக்கு வந்தன. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010-இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்யும் வரை ஐந்து வருடம் இழுத்தார்கள். கற்பைப் பற்றிப் பேசியவர்கள் ஆயிரம் பேர், அந்த வாக்கியத்தில் இருந்த "நோய்" என்ற சொல்லைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்? அடுத்து 2007-இல் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி வந்தபோது மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று வரிசையாகத் தடை போட்டார்கள். பாடத்தைத் தடை செய்தார்கள் சரி, பாக்டீரியாவுக்கு யார் தடை உத்தரவு கொடுப்பது? குடை விற்பதை நிறுத்தினால் மழை நின்றுவிடுமா?

"இங்கே வராது" என்ற பேச்சு சென்னைக்குப் புதிதல்ல. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ரத்தம் சேகரித்துச் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டுபிடிக்கும் வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு சென்னையிலேயே நடந்த ஆய்வுகளில், எச்.ஐ.வி. வந்த பெண்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் கணவர் ஒருவரைத் தவிர வேறு யாரோடும் உறவு கொள்ளாதவர்கள் என்று தெரிந்தது. தாலி தடுப்பூசி இல்லை. ஆக, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்விக்கு மருத்துவ ரீதியாக இரண்டு பக்கமும் மதிப்பில்லை. ஆகாதவள் என்பதால் நோய் வராது என்பதும் பொய், ஆனவள் என்பதால் வராது என்பதும் பொய்.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அந்த வயதுக்குக் கீழே சம்மதத்தோடு நடந்தாலும் குற்றம். தெரிந்தவர் போலீசில் சொல்லாவிட்டால் அதுவும் குற்றம். குழந்தைகளைக் காக்க இப்படி ஒரு சட்டம் வேண்டும்தான். ஆனால் பதினேழு வயதுப் பெண் டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் காதலன் ஜெயிலுக்குப் போவான் என்றால், அவள் சொல்வாளா? இந்தச் சிக்கலைப் பார்த்துத்தான் 2022-இல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்றது. கருவுக்குக் கிடைத்த அந்த வழி, கிருமிக்கும் தெளிவாகக் கிடைக்க வேண்டும்.

முடியாத காரியமா இதெல்லாம்? எச்.ஐ.வி.க்குச் செய்து காட்டிய மாநிலம்தானே இது! அரசு ஆஸ்பத்திரிகளில் "நம்பிக்கை மையம்" இருக்கிறது. இலவசச் சோதனை, முன்னும் பின்னும் ஆலோசனை, ரகசியம் காக்க 2017-இல் தனிச் சட்டமே போட்டாகிவிட்டது. அதே கதவுக்குள் மற்ற பால்வினை நோய்களையும் இளைஞர்களுக்குச் சோதித்தால் என்ன? காசநோய் கண்டுபிடிக்க வாங்கி வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தில் வேறு கார்ட்ரிட்ஜ் போட்டால், ஒரு குப்பி சிறுநீரை வைத்தே ஒன்றரை மணி நேரத்தில் கிளமிடியா, கொனோரியா இரண்டுக்கும் பதில் வந்துவிடும். சிபிலிஸுக்குக் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு பார்க்கும் அக்கறையை, அதற்கு முன்னாலும் காட்டினால் போதும். இங்கிலாந்தில் 2003-இலேயே 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அறிகுறி இல்லாமலே கிளமிடியா சோதனை தொடங்கிவிட்டது. கூச்சப்படுபவர்களுக்குத் தபாலில் டப்பா போகும். 2021 முதல் பெண்கள் மீது கூடுதல் கவனம் வைக்கிறார்கள், பாதிப்பு அதிகம் அவர்களுக்கு என்பதால்.

அதுவரை இளைஞர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஆணுறை. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் சுரக்‌ஷா கிளினிக். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண். அப்புறம் முக்கியமான ஒன்று. ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் போதாது, ஜோடியும் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் போன கிருமி அடுத்த வாரமே திரும்பி வரும்.

ஆனால் பெரிய பொறுப்பு அவர்களுடையது இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருடையது. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பதற்குப் பதில், அம்மாவை இரண்டு நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "ஒரு சின்ன டெஸ்ட் எடுத்துப் பார்த்திடலாமாம்மா?" என்று கேட்டால் போதும். கிருமி கல்யாணப் பத்திரிகை பார்த்து உள்ளே வருவதில்லை. டாக்டர் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?